மேட்டு வீட்டுக்குக் கலியாணம் சொல்லுதல்

கீழே மழை பெய்தால் எங்கள் வீட்டில் பனி கொட்டும். இதைப் பதினொரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இல்ஃபோர்டில் இருப்பவர்களும் நம்பியதில்லை, வால்தம்ஸ்டோவில் இருப்பவர்களும் நம்பியதில்லை. "என்ன கதை கதைக்கிறியள், இஞ்ச சும்மா தூறுது" என்பார்கள். படம் எடுத்து அனுப்பினால், "உது போன வருசப் படமெல்லோ" என்று பதில் வரும். ஒரே லண்டன், ஒரே நாள், ஒரே மணித்தியாலம். அவர்களுக்குக் குடை போதும். எங்களுக்கு வாசல் கதவைத் திறக்கவே பனியைத் தள்ளவேண்டும். இதற்கு மேல் எப்படித்தான் விளங்கப்படுத்துவது?

லண்டனின் தென்கிழக்கு ஓரத்தில், நகரம் முடிந்து கென்ட் வயல்கள் தொடங்கும் இடத்தில் ஒரு மேடு. மலை என்று சொன்னால் நுவரெலியாப் பக்கத்து ஆட்கள் சிரிப்பார்கள். ஆனால் கீழே ஸ்டேஷனிலிருந்து பஸ் முதலாவது கியரில் முனகிக்கொண்டு ஏறும்போது காது அடைக்கும். அந்த மேட்டின் உச்சியில், நானூறு வீடு அளவில் ஒரு குடியிருப்பு. அதில் கடைசித் தெருவில், கடைசிக்கு முதல் வீடு எங்களுடையது. காற்று முதலில் எங்களுக்கு, தண்ணீர் கடைசியில் எங்களுக்கு. இரண்டு வீட்டில் ஒரே நேரம் குளித்தால் எங்கள் குழாயில் நூல் மாதிரி வரும்.

இந்தக் கண்டறியாத வீட்டை வாங்கியது யன்னலைப் பார்த்து. வெள்ளைக்கார ஏஜென்ட் எங்களைக் கூட்டிவந்தது ஜூன் மாதத்தில். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. பின் அறை யன்னலைத் திறந்து, "அதோ பாருங்கள்" என்று கையை நீட்டினான். லண்டன் முழுவதும் கிடந்தது. நடுவில் கண்ணாடிக் கட்டடங்கள், இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் அரைவாசி எசெக்ஸ். என் மனுசன் யன்னலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். "இஞ்ச பாரும், லண்டன் எங்கட காலுக்குக் கீழ" என்றார். வந்த நாளிலிருந்து பெற்றோல் ஷெட், பிறகு களஞ்சிய ஷிப்ட் என்று லண்டனின் காலுக்குக் கீழ் கிடந்த மனிதர். அந்த யன்னலுக்கு முன்னால் என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. கையெழுத்து நானும்தான் வைத்தேன். ஆகவே முழுப் பழியையும் அவர் தலையில் போட ஏலாது, அரைவாசியைப் போடுகிறேன். ஒக்டோபர் பிறந்தால் அந்த யன்னலில் தெரிவது மூடுபனி மட்டும்தான்.

அதற்கு முன் நாங்கள் இல்ஃபோர்டில் என் அண்ணை வீட்டில் இருந்தோம். ஒரு வீட்டில் இரண்டு குடும்பம், ஒரு குளியலறை. அண்ணைதான் எங்களை லண்டனுக்கு எடுப்பித்தவர். என் மனுசனுக்குக் கார் ஓடப் பழக்கியவரும் அண்ணைதான், ஞாயிற்றுக்கிழமைகளில், ஒரு பாடசாலைக் கார் நிறுத்துமிடத்தில். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளவேண்டும். ஏனென்றால் என் மனுசன் ஞாபகம் வைக்கவில்லை.

மேட்டு வீட்டில் பால் காய்ச்சிய நாளன்று அண்ணை காரில் வந்தார். அண்ணி, அண்ணியின் தாய், மடியில் பலகாரப் பெட்டிகள். மேட்டின் நடுவில் கார் நின்றுவிட்டது. அண்ணை கிளச்சை மிதிக்க மிதிக்க அது பின்னால் வழுக்கியது, புகை வந்தது, மணம் எங்கள் வாசல்வரை வந்தது. கடைசியில் எல்லோரும் இறங்கி நடந்து வந்தார்கள். அண்ணை பட்டு வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து வாசலுக்கு வந்து சேர்ந்தார். வாசலில் முப்பது பேர் நிற்கிறார்கள். என் மனுசன் சிரித்தார். சிரித்துவிட்டு வாயையாவது மூடியிருக்கலாம். "மச்சான், உது இல்ஃபோர்ட் ரோட்டு இல்லை. மேட்டில ஏத்துறதெண்டால் ஓடத் தெரிஞ்சிருக்கவேணும்" என்றார்.

நின்ற எல்லாரும் சிரித்தார்கள். அண்ணையும் சிரித்தார். சாப்பிட்டார், எல்லோருடனும் கதைத்தார். போகும்போது என்னைத் தனியே கூப்பிட்டு, "பிள்ளை, நான் இனி உந்த மேட்டுக்கு ஏறமாட்டன்" என்றார். ஏதோ கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். எங்கள் ஐயாவின் பிள்ளை அவர், சொன்னால் சொன்னதுதான். அதற்குப் பிறகு ஒருநாளும் ஏறவில்லை.

அண்ணை வராததற்கு ஒரு காரணம் இருந்தது. மற்றவர்கள் வராததற்குப் பஞ்சிதான், வெறும் சோம்பல்தான் காரணம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம், டார்ட்ஃபோர்ட் பாலத்தில் நெரிசல், பிறகு இந்த ஏற்றம். சனம் யோசித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. அதை நான் விளங்கிக்கொள்வேன். ஆனால் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறதே. செத்தவீட்டுக்குச் சொல்லத் தேவையில்லை, கேள்விப்பட்டால் போகவேண்டும். கலியாணம் அப்படியில்லை. புருசனும் பெண்சாதியுமாக வீட்டுக்கு வந்து, நாலு மூலையிலும் மஞ்சள் பூசின கார்டைக் கையில் தந்து, குங்குமச் சிமிழை நீட்டி, "கட்டாயம் வரவேணும்" என்று வாயால் சொல்லி, ஒரு தேத்தண்ணியாவது குடித்துவிட்டுப் போகவேண்டும். அதுதான் கலியாணம் சொல்வது. இந்தக் காலத்தில் யார் அப்படிப் பார்க்கிறார்கள், கார்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் போதும் என்று இருப்பவர்கள் நிறையப் பேர். என் மனுசன் அந்தக் கூட்டத்தில் இல்லை.

"வீட்ட வந்து சொல்லாத கலியாணத்துக்கு நான் போறேல்ல." இதுதான் அவருடைய சட்டம். மேட்டுக்கு வந்த பிறகு இந்தச் சட்டம் இன்னும் இறுகியது. சிலர் மரியாதைக்குக் கொஞ்சம் இறங்கி வருவார்கள். "அண்ணை, கீழ ஸ்டேஷனடி வரைக்கும் வாறம், நீங்கள் இறங்கி வந்தியளெண்டால் கார்டைத் தந்திட்டுப் போவம்" என்பார்கள். இவர் போனை வைத்துவிட்டுக் குதிப்பார். "ரோட்டில வச்சுத் தாறதுக்கு உது என்ன நோட்டீசோ?"

இப்படியே பதினொரு வருடம். எத்தனை கலியாணம், எத்தனை பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு, எத்தனை பிறந்தநாள் விட்டுப்போனது என்று எண்ண எனக்குத் தெம்பில்லை. அலுமாரியில் சேலைகள் மடிப்புக் குலையாமல் இருந்தன. எங்களைச் சனம் கண்டது செத்தவீடுகளில் மட்டும்தான். ஒருமுறை ஒரு செத்தவீட்டில் ஒரு மனுசி என் கையைப் பிடித்து, "உங்களைக் கண்டாலே எனக்கு ஆரோ செத்திட்டினம் எண்ட நினைப்பு வருது" என்றாள். அவள் பகிடிக்குச் சொன்னாள். நான் பஸ்ஸில் வரும்போது அழுதேன், அழுததைவிடக் கோபம்தான் கூட. அவர் மீது கோபம், ஏறாத சனத்தின் மீது கோபம், இந்த மேட்டின் மீது கோபம். மேடு என்ன செய்யும், அது பாட்டுக்கு இருக்கிறது.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். அண்ணையின் மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்தபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. யாரும் இரக்கப்படவேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன். அண்ணையின் மகளை எட்டு மாதத்திலிருந்து பள்ளிக்கூடம் போகும்வரை நான்தான் வளர்த்தேன். அண்ணைக்கு ஒரு ஷிப்ட், அண்ணிக்கு ஒரு ஷிப்ட், இடையில் பிள்ளை என் இடுப்பில். முதலில் அவள் சொன்ன சொல் "மாமி". அண்ணிக்கு அது வலித்திருக்கும், ஆனால் ஒரு நாளும் காட்டியதில்லை. பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் இந்த மேட்டுக்கு ஏறி வந்த ஒரே ஆள் அவள்தான். ரெயினில் வந்து பஸ்ஸில் ஏறி வந்துவிடுவாள். குசினிக் கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "மாமி, ஐயாம் ஸ்டார்விங்" என்பாள். பிறகு வேலை கிடைத்து வடக்கே வேறு நகரத்துக்குப் போய்விட்டாள். அந்தப் பிள்ளையின் கலியாணத்துக்கு நான் போகாமல் இருப்பதா?

தை மாதம் அண்ணை போன் பண்ணினார். "பிள்ளை, கார்ட் அடிச்சு வந்திட்டுது. வாற சனிக்கிழமை நானும் அண்ணியும் வந்து சொல்லுறம்."

எனக்குத் தலைகால் தெரியவில்லை. "வாங்கோ அண்ணை, வாங்கோ. மத்தியானம் சாப்பிட்டிட்டுப் போகலாம்" என்றேன்.

"மேல இல்லைப் பிள்ளை. கீழ அந்தப் பெரிய கடையின்ர கார் பார்க்கில வந்து நிக்கிறம். நீங்கள் ரெண்டு பேரும் இறங்கி வாங்கோ."

"அண்ணை, சொந்தத் தங்கச்சிக்குக் கார் பார்க்கில வச்சோ கலியாணம் சொல்லுவியள்?"

"நான் அண்டைக்குச் சொன்னது உனக்குத் தெரியும்தானே."

"பதினொரு வருசமாச்சு!"

"பதினொரு வருசமா உன்ர மனுசன் ஒரு வார்த்தை சொன்னவரோ?" என்று கேட்டார்.

வேலையால் வந்த மனுசனிடம் மெல்லக் கதையை எடுத்தேன். சாப்பிட்டு முடியும்வரை பொறுத்து, தயிரும் வைத்து, பிறகுதான் எடுத்தேன். ஒரு பிரயோசனமும் இல்லை. "கார் பார்க்கிலயோ? சாமான் வாங்க வந்தவைக்கு இடைஞ்சல் இல்லாமல் ஒரு மூலையில வச்சுத் தருவினமோ?" என்று கேட்டார்.

"இஞ்சருங்கோ, அவள் நான் வளர்த்த பிள்ளை."

"அதைத்தான் நானும் சொல்லுறன். நீர் வளர்த்த பிள்ளை. உம்மை வந்து காலில விழாத குறையாக் கூப்பிடவேணும். ரோட்டில நிண்டு வாங்கிறதுக்கு நீர் ஆர், வழிப்போக்கரோ?"

பார்த்தீர்களா? எனக்காகத்தான் வீறாப்பு. எனக்காகத்தான் நான் போகக்கூடாதாம். "நீங்கள் ஒருக்கால் அண்ணைக்குப் போன் பண்ணி, அண்டைக்குச் சிரிச்சது பிழையெண்டு சொன்னால் முடிஞ்சுது" என்றேன்.

"சும்மா பேய்க்கதை கதையாதையும். பகிடிக்குச் சிரிச்சது. மச்சான்மாருக்குள்ள பகிடி இல்லையோ?"

அண்ணைக்குப் போன் எடுத்தால், "அவரை முதல்ல இறங்கி வரச்சொல்லு." இவரிடம் வந்தால், "அவரை முதல்ல ஏறி வரச்சொல்லும்." அந்தக் கிழமை முழுவதும் நான் நடுவில் நின்று இரண்டு பேரிடமும் மாறி மாறிக் கெஞ்சினேன். ஒரு கட்டத்தில், "கோதாரி விழுந்த மேடு, இடிஞ்சு போகட்டும்" என்று குசினியில் நின்று கத்தினேன். இவர், "மெல்லக் கத்தும், பக்கத்து வீட்டுக்குக் கேக்குது" என்றார். அவ்வளவுதான் அந்த மனுசனுக்குக் கவலை.

வெள்ளிக்கிழமை இரவு நான் முடிவெடுத்துவிட்டேன். சனிக்கிழமை இவருக்கு மூன்று மணிவரை ஷிப்ட். நான் தனியே இறங்கிப் போய் கார்டை வாங்கிவருவேன். அவர்கள் வீட்டுக்கு வந்து சொன்னார்கள் என்று இவரிடம் சொல்வேன். முப்பது வருடக் கலியாண வாழ்க்கையில் இவருக்குச் சின்னப் பொய்கள் சொல்லியிருக்கிறேன். இவ்வளவு பெரிதாக ஒன்று இதுதான் முதல்.

மத்தியானம் பஸ் ஏறும்போது மெல்லிய மழை, காற்றில் பனித்தூளும் கலந்திருந்தது. கீழே இறங்கினால் வெறும் மழை. கார் பார்க்கில் அண்ணையின் கார் தள்ளுவண்டிகள் அடுக்கியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றது. நான் பின் சீற்றில் ஏறி இருந்தேன். அண்ணை திரும்பி என்னைப் பார்த்தார், பிறகு எனக்குப் பக்கத்தில் இருந்த வெறும் இடத்தைப் பார்த்தார்.

"அவர் வரேல்லையோ?"

"ஷிப்ட்" என்றேன்.

அண்ணி முன் சீற்றில் இருந்து உடம்பை முறுக்கித் திரும்பி, இரண்டு கையாலும் கார்டைத் தந்தார். பிறகு சிமிழைத் திறந்து எனக்குப் பொட்டு வைக்க எட்டினார். சீற்றுக்கு இடையால் கை சரியாக எட்டவில்லை, குங்குமம் என் மூக்கில் பட்டது. வேறு நேரமென்றால் மூன்று பேரும் சிரித்திருப்போம். "கட்டாயம் வரவேணும்" என்றார் அண்ணி. "இஞ்சருங்கோ, இவ்வளவு தூரம் வந்திட்டம். மேல ஏறி வீட்ட விட்டிட்டு வருவமே?" என்று அண்ணையைக் கேட்டார்.

அண்ணை ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தார். கண்ணாடித் துடைப்பான் போய்ப் போய் வந்தது. அவர் ஓம் என்று சொல்லவேண்டும் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். "மழை கூடப்போகுது, பிள்ளை பஸ்ஸில போயிடுவாள்" என்றார் அண்ணை.

என் சொந்த அண்ணை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கார்க் கதவை அடித்துச் சாத்தினேன்.

பஸ் மேட்டின் அடியிலேயே நின்றுவிட்டது. சாரதி இறங்கச் சொன்னான், மேலே பனியாம், இதற்கு மேல் போகாதாம். கடையடியில் மழை, ஐந்து நிமிட ஓட்டத்தில் பனி. இதைத்தானே பதினொரு வருடமாகச் சொல்கிறேன்! நடக்கத் தொடங்கினேன். முழங்கால் ஏற்கெனவே சரியில்லாத ஆள் நான். கார்டை நனையாமல் கோட்டுக்குள் வைத்து, நெஞ்சோடு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வேலிகளைப் பிடித்துப் பிடித்து ஏறினேன். பதினைந்து நிமிட வழி ஒரு மணித்தியாலம் எடுத்தது. வழியெல்லாம் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே போனேன். முதலில் அண்ணையை, பிறகு மனுசனை, பிறகு ஜூன் மாதம் யன்னலைத் திறந்து காட்டிய அந்த ஏஜென்டை. தெருவில் ஒரு மனுசரும் இல்லை, ஒரு காரும் இல்லை. யாருக்கும் கேட்டிருக்காது.

வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றிப் படிக்கட்டுக்குக் கீழே ஒளித்தேன். தலையைத் துடைத்தேன். தேத்தண்ணி போட்டு மூன்று கோப்பையில் ஊற்றினேன். என்னுடையதைக் குடித்தேன், மற்ற இரண்டிலும் பாதியைக் கையலம்பும் தொட்டியில் ஊற்றினேன். ஒரு தட்டில் பிஸ்கட் வைத்து, இரண்டை உடைத்து, கொஞ்சம் தூள் மேசையில் சிந்தினேன். ஐம்பத்தெட்டு வயதில் செய்யிற வேலையா இது?

கொஞ்ச நேரத்தில் இவர் வந்தார். காரைக் கீழே விட்டுவிட்டு அவரும் நடந்துதான் வந்திருக்கிறார். தோளெல்லாம் வெள்ளை. மேசையைப் பார்த்தார்.

"ஆர் வந்தது?"

"அண்ணையும் அண்ணியும். கலியாணம் சொல்ல வந்தவை."

"எப்ப?"

"ரெண்டரை போல வந்தவை. இப்பதான், ஒரு பத்து நிமிசத்துக்கு முன்னம் போனவை. நீங்கள் வழியில காணேல்லையோ?" என்று வேறு கேட்டேன். பொய் சொல்லப் பழகாதவர்கள் இப்படித்தான் கூடச் சொல்லி மாட்டுப்படுவார்கள்.

"காரிலயோ வந்தவை?"

"பின்ன, பறந்தோ வந்தவை?"

அவர் கார்டை எடுத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தார். மேசையில் வைத்தார். பிறகு அந்த மூன்று கோப்பைகளையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். எங்கள் வீட்டில் அவர் கோப்பை கழுவினால் அது செய்தி. முதுகைக் காட்டிக்கொண்டு, "கலியாணத்துக்கு லீவு எழுதிக் குடுக்கவேணும்" என்றார்.

அப்பாடா என்று முன் அறைக்கு வந்து யன்னல் திரையை விலக்கினேன். தெரு முழுவதும் வெள்ளை. அதில் இரண்டு வரிசைக் காலடி. ஒன்று பாதி மூடிப்போன என்னுடையது, மற்றது புதிதாக விழுந்த அவருடையது. இரண்டும் மேலே ஏறி எங்கள் வாசலுக்கு வருகின்றன. ஒன்றும் திரும்பிப் போகவில்லை. டயர் தடம் என்று ஒரு கோடு இல்லை.

மேடு முழுவதும் என் காலடியைப் பார்த்துக்கொண்டேதான் ஏறி வந்திருக்கிறார். எங்கே நான் நின்று மூச்சு வாங்கினேன், எங்கே வேலியைப் பிடித்தேன் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டுதான் "காரிலயோ" என்று கேட்டார். அன்று ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த நாளும் சொல்லவில்லை, கலியாண நாள்வரை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்க ஏலாமல் இருந்தது. திட்டினால் திருப்பித் திட்டலாம். பேசாமல் இருக்கிற மனுசனை என்ன செய்வது? மூன்று மாதம் இரண்டு பேரும் அந்தப் பொய்யைச் சுற்றி நடந்து திரிந்தோம். பனியில் நடந்து ஏறிய கதையை அண்ணிக்கு மட்டும் போனில் சொன்னேன்.

கலியாணம் இல்ஃபோர்ட் பக்கத்தில் ஒரு மண்டபத்தில். நான் அலுமாரியில் கிடந்த பச்சைப் பட்டுச் சேலையை உடுத்தேன். இவர் கோட் சூட். வாசலில் அண்ணை நின்று ஆட்களை வரவேற்றுக்கொண்டிருந்தார், பக்கத்தில் பன்னீர்ச் செம்போடு அண்ணி. எங்களைக் கண்டதும் அண்ணையின் முகம் இறுகியது. இவர் நேரே போய், அண்ணையின் இரண்டு கையையும் பிடித்து, சுற்றி நிற்கிற அவ்வளவு பேருக்கும் கேட்கச் சொன்னார்: "மச்சான், அண்டைக்கு அவ்வளவு ஸ்நோவுக்குள்ளயும் மேடு ஏறி வந்து கலியாணம் சொன்னீங்களே, அது பெரிய விசயம். நான் மறக்கமாட்டன்."

அண்ணை என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அண்ணியின் கையிலிருந்த செம்பிலிருந்து பன்னீர் சொட்டிக்கொண்டிருந்தது. இவர் குத்திச் சொல்கிறாரா, இறங்கி வந்து சொல்கிறாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டும் இருந்திருக்கும்.

"பின்ன?" என்றார் அண்ணை கடைசியில். "உங்களுக்கு வீட்ட வந்து சொல்லாமல் வேற ஆருக்குச் சொல்லுறது?"

"தேத்தண்ணியும் குடிச்சனீங்கள்."

"குடிச்சனான் மச்சான். நல்ல தேத்தண்ணி."

இரண்டு பேரும் கட்டிப்பிடித்தார்கள். அண்ணையின் கண் கலங்கியது, இவர் முதுகில் தட்டினார். பிறகு தோளில் கை போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் நான் பட்டுச் சேலையோடு தனியே நின்றேன். பதினொரு வருடம் கெஞ்சியது நான், பனியில் ஏறியது நான், முழங்கால் வீங்கி இரண்டு கிழமை படி ஏற ஏலாமல் கிடந்தது நான். ஆம்பிளைகள் இரண்டு பேரும் என் பொய்யை எடுத்து ஆளுக்குப் பாதி பிரித்து ராசியாகிவிட்டார்கள். மெத்தப் பெரிய உபகாரம். சந்தோசப்படவேண்டிய இடத்தில் எனக்கு நெருப்பாகப் பற்றி எரிந்தது.

தாலி கட்டி முடிந்ததும் வாழ்த்தி அறுகரிசி போட வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. கூறைச் சேலையோடு இருந்த பிள்ளை என் கையை எட்டிப் பிடித்தாள்.

"மாமி, அம்மா எனக்கு எல்லாம் சொன்னவ. கார் பார்க், அந்த ஸ்நோ, எல்லாம். நீங்க அவ்வளவு தூரம் நடந்தே போனீங்க?"

"அதை விடடி. இண்டைக்கு உதைக் கதைக்கிற நாளே?"

"ஏன் மாமி ஒருத்தரும் என்னட்டச் சொல்லேல்ல? ஐ வுட் ஹாவ் கம். நான் ட்ரெயின் எடுத்து வந்து, பஸ் இல்லாட்டி நடந்து வந்து, கார்டை உங்கட கையில தந்திருப்பன்."

"கலியாணப் பொம்பிளை தன்ர கலியாணத்துக்குத் தானே போய்ச் சொல்லுறதில்லை. அது வழக்கமில்லை" என்றேன்.

"ஆர் மாமி சொன்னது?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல், என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். யார் சொன்னது என்று எனக்கும் தெரியவில்லை. அண்ணையைக் கெஞ்சினேன், மனுசனைக் கெஞ்சினேன். அந்த மேட்டுக்கு ஏறிவரத் தெரிந்த ஒரே பிள்ளைக்கு ஒரு போன் எடுக்க எனக்கு மூளையில் வரவில்லை. எடுத்திருந்தால் அடுத்த நாளே என் குசினிக் கதிரையில் வந்து இருந்திருப்பாள். பின்னால் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். படம் எடுப்பவன், "அன்ரி, இஞ்சால பாருங்கோ" என்றான். நான் அறுகரிசியை எடுத்து அவள் தலையில் போட்டேன். பாதி என் சேலையிலேயே கொட்டியது.